செங்கடலுக்கு இரண்டு மடங்கு

இருபத்தைந்து வயதுக்குள் ரித்திக் மொழிபெயர்ப்பில் படித்து முடித்த வெளிநாட்டு நாவல்களை அடுக்கினால் சிங்கப்பூர் தெம்பனிஸ் வீட்டின் ஒரு சுவரே மறைந்துவிடும். எந்தப் பனிநாட்டில் எந்தப் பிரபு எந்தக் குதிரையிலிருந்து விழுந்து செத்தான் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். நான்கு மாதமாகத் தான் விற்றுவரும் காப்பீட்டு ஒப்பந்தத்தை மட்டும் அவன் முழுதாகப் படித்ததில்லை. முப்பத்தொரு பக்கம், அதில் ஒருவர்கூட யாரையும் காதலிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், நாவலை வீட்டில் மறந்துவிட்டு ரயிலேறியதால் வேறு வழியின்றி ஒப்பந்தத்தைப் புரட்டினான். விபத்தில் இறந்தால் ஆயுள் தொகையோடு அதே அளவு இரண்டாவது பங்கும் தருவதாகச் சொல்லும் கூடுதல் இணைப்பின் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. போராலோ பயங்கரவாதத்தாலோ நேரும் மரணத்துக்கு அந்த இரண்டாவது பங்கு கிடையாதாம்.

ரித்திக் அந்த வரியை மறுபடி படித்தான்.

போன வெள்ளிக்கிழமைதான் லிட்டில் இந்தியாவில் ரவிக்கை தைக்கும் சங்கீதாவின் கடையில் கையெழுத்து வாங்கியிருந்தான். அவள் கணவர் கோவிந்தராசு கப்பல் எஞ்சின் மெக்கானிக். செங்கடல் வழியாகப் போகும் கப்பலில் வேலை, வியாழக்கிழமை புறப்பாடு. இராகு காலம் தொடங்கப் பத்தே நிமிடம் இருக்கையில் அவள் கேட்டாள்: "அங்க கப்பல்மேல குண்டு போடுறாங்களாமே தம்பி. அதுல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

நல்ல நேரத்தில், வெள்ளிக்கிழமை அதுவுமாக, சாமி படத்துக்கு முன்னால் சாவைப் பற்றிப் பேசக்கூடாது என்பது ரித்திக் தொழிலில் கற்றிருந்த ஒரே பாடம். விலக்குகள் இருந்த பக்கங்களை அப்படியே தள்ளிவிட்டு, "கண்டிப்பா வரும்க்கா, ரெண்டு மடங்கா வரும்!" என்று பண்டிகை போனஸ் அறிவிப்பதுபோல் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னான்.

ரயிலை விட்டு இறங்கியதும் மேலாளர் ஸ்ரீராமை அழைத்து விஷயத்தைச் சொன்னான்.

"அவர் கப்பல்லதான் குண்டு விழப்போகுதா? சும்மா விடு லா," என்றார் ஸ்ரீராம்.

விட முடியவில்லை. மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் காட்சி என்றால் அவனுக்கு உயிர். கொட்டும் மழையில், நனைந்த கோட்டுடன், கதவருகே தலைகுனிந்து நிற்பதாக நடந்துகொண்டே ஒத்திகை பார்த்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. கோட்டும் இல்லை.

கடையில் சங்கீதா ஊதாப்பூ நிற ரவிக்கை ஒன்றுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் உங்களுக்கு ஒரு துரோகம்..."

"முதல்ல உள்ள வா, வாசல்ல நின்னா காத்து வராது. என்ன விஷயம்?"

"அன்னைக்குக் கேட்டீங்களே, அங்க ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா..."

"செத்தாருன்னா. சொல்லு தம்பி, இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்ல."

"செத்தாருன்னா," என்றான் ரித்திக். "ஆயுள் காப்பீட்டுத் தொகை வந்துடும்க்கா. பயங்கரவாதத்துல போனாலும் நம்ம பாலிசியில அதுக்குத் தடை இல்ல. விபத்துக்குன்னு தர்ற ரெண்டாவது பங்கு மட்டும் வராது. வரும்னு நான் படிக்காமலே சொல்லிட்டேன்."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். காசு போச்சே என்று திட்டப்போகிறாள் என்று காத்திருந்தான்.

"அப்போ அங்க ஆபத்து இருக்கா?"

"அது... பேப்பர்லயே வருதேக்கா."

"பேப்பர்ல ஆயிரம் வரும். நீ சிரிச்சுக்கிட்டே ரெண்டு மடங்குன்னியே. நஷ்டத்துக்கு எந்தக் கம்பெனி கடை நடத்தும்? ரெண்டு மடங்கு தர்றேன்னா, அங்க ஒண்ணும் நடக்காதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன். அந்தத் தைரியத்துலதான் அவரைப் போகச் சொன்னேன்."

ஒரு மனிதனைச் செங்கடலுக்கு அனுப்பவிருந்தது தன் பல்வரிசை என்று ரித்திக்குக்கு அப்போதுதான் உறைத்தது. தயாரித்து வந்த வசனங்களில் இதற்குப் பொருந்துவதாக ஒன்றுகூட இல்லை.

அவள் கணவரை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னங்க, அந்தக் கப்பல் வேணாம்."

"ஏய், பெட்டியெல்லாம் கட்டியாச்சு!"

"அவிழ்த்துடுங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனியே ரெண்டாவது பங்கு தர மாட்டேங்குது. அவனே பயப்படுற இடத்துக்கு உங்களை அனுப்ப மாட்டேன்."

"அந்தப் பையன் ரெண்டு மடங்குன்னானே?"

"படிக்காம சொல்லிட்டானாம். முன்னாலதான் நிக்கிறான், திருட்டு முழி முழிச்சுக்கிட்டு."

அங்கே பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது.

"சரி, வரலன்னு சொல்லிடுறேன்," என்றார் கோவிந்தராசு. "இங்கேயே ஜூரோங்ல பழைய வேலைக்குப் போறேன். சம்பளம் பாதிதான். மாசாமாசம் இவ்வளவு பெரிய தவணையை எப்படிக் கட்டுறதுன்னு அந்தத் துரையையே கேளு."

சங்கீதா ரித்திக்கைப் பார்த்தாள்.

"அந்த விபத்து இணைப்பை எடுத்துடலாம்க்கா. தொகையையும் குறைச்சுச் சின்ன பாலிசியா மாத்திக்கலாம். பதினாலு நாளுக்குள்ள மாத்திக்க உரிமை இருக்கு, ஒண்ணும் நஷ்டமில்ல."

நஷ்டமில்லை என்றது அவளுக்கு. அவன் கமிஷனில் இனி தேக்கா சந்தையில் இரண்டு பிரியாணி வாங்கலாம், முட்டை இல்லாமல்.

"மாத்து," என்றாள் சங்கீதா. படிவத்தில் அவன் நிரப்பிக் காட்டிய ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்து, புரியாததையெல்லாம் இரண்டு முறை கேட்டபிறகே கையெழுத்துப் போட்டாள். அதற்குள் இராகு காலம் வந்து போயிருந்தது.