வாசலில் திறந்த பை

எங்கள் தையல் ஆலையில் பெண்கள் கழிவறைச் சுவரில் ஒரு பெட்டி உண்டு. உள்ளே ஆணுறைகள், இலவசம். மாட்டி ஏழு மாதமாகியும் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆலை நர்ஸ் அலுத்துக்கொண்டார். "உங்களுக்கெல்லாம் இதோட அருமை தெரியல. வெள்ளிக்கிழமை கழட்டிடப் போறேன்."

அருமை தெரியாமல் என்ன! துணி, நூல்கண்டு எதையாவது சுருட்டிக்கொண்டு போகிறோமா என்று தினமும் சாயங்காலம் வாசலில் ஒவ்வொருத்தி பையையும் திறந்து மேசைமேல் பரப்பிப் பார்ப்பார்கள். பின்னால் நூறு பேர் வரிசை. அதில் என் நாத்தனாரும் ஒருத்தி; அவள் காதில் ஒன்று விழுந்தால் தெருவுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. அந்த மேசையில் போய் எவள் இதைப் பரப்புவாள்? நர்ஸ் பையை யாரும் திறப்பதில்லை, அதனால் அவருக்கு இது தோன்றவே இல்லை.

எனக்கு இரண்டு பிள்ளைகளுமே ஆபரேஷன். மூன்று வருஷத்துக்குள் இன்னொன்று உண்டானால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருப்பது ஒரே மருந்துக்கடை. கடைக்காரர் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா. என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்தான், ஆனால் ஆணுறை வாங்க அனுப்பினால் இருமல் மருந்தோடு திரும்பி வருவார். வீட்டில் நாலு பாட்டில் சேர்ந்துவிட்டது. யாருக்கும் இருமல் இல்லை.

வியாழக்கிழமை பத்து பாக்கெட் எடுத்தேன். முதலில் உடைக்குள் ஒளிக்கத்தான் கை போனது. அப்புறம் கோபம் வந்தது. நான் என்ன திருடியா? சாப்பாட்டு டப்பாவுக்கு மேலேயே அடுக்கி வைத்தேன்.

வாசலில் காவல்கார அக்கா பையைத் திறந்தாள். கை அப்படியே நின்றது.

"என்னம்மா இது?"

"பாத்தா தெரியலயா அக்கா? பெட்டில இருந்து எடுத்தது. எனக்கும் என் புருஷனுக்கும்."

பின்னாலிருந்து நாத்தனார் அலறினாள். "ஐயோ அண்ணி, மானமே போச்சு!"

"உன் அண்ணனுக்குப் பொண்டாட்டி உசுரோட வேணுமா, வேணாமா? நீயே சொல்லு."

யாரோ சிரித்தார்கள். பிறகு வரிசையே சிரித்தது. அதில் கேலி இல்லை. நான் தலை குனியவில்லை. என் கல்யாணத்தன்றுகூட இவ்வளவு பெருமையாக நான் நின்றதில்லை.

அக்கா எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினாள். பை வாரை என்னிடம் நீட்டும்போது குரலைத் தாழ்த்தினாள்.

"வாசல் காவலுக்கு நிக்கிற எங்கள ஆலைக்குள்ள விடமாட்டாங்க. நாளைக்கு எனக்கு ரெண்டு கொண்டு வர்றியா?"

மறுநாள் மதியத்துக்குள் பெட்டி காலி. கழற்ற வந்த நர்ஸ் ஒன்றும் புரியாமல் மறுபடி நிரப்பிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அக்கா என் பையைத் திறந்தாள். யார் கண்ணிலும் படாமல் எடுத்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். அவளோ அத்தனை பேர் முன்னாலும் தன் இரண்டு பாக்கெட்டை எடுத்து, சீருடையின் சட்டைப் பையில் போட்டு, பொத்தானை மாட்டினாள். பிறகு வழக்கமான அதட்டலோடு கூப்பிட்டாள்.

"அடுத்த ஆளு வாங்க!"