எங்க ஜனத்துல ஒருத்தி

கதவுக்கு உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தபோது தூபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே அவளுடைய அம்மா ஹலீமா பீ. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்ததிலிருந்து ஆம்பூரில் மகள் வீட்டுக் கட்டிலே கதி என்று கிடப்பவர். கூட இருப்பவள் நந்தினி, வேலூரில் ஒரு நிறுவனம் அனுப்பிய ஹோம் நர்ஸ், மாதனூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவள். துணி மாற்றும் நேரத்தில் அப்படி என்ன சிரிப்பு? அதுவும் பெற்ற மகளை வெளியே நிறுத்திவிட்டு!

தூபா கதவைத் தள்ளினாள். சிரிப்பு நின்றது.

"கொஞ்சம் வெளிய இரும்மா," என்றார் ஹலீமா பீ, விருந்தாளியிடம் சொல்வதுபோல.

சாப்பாட்டிலும் இதே கதைதான். தூபா நெய் விட்டுக் கிச்சடி செய்து ஊட்டப் போனால் அம்மா வாயை இறுக்கிக்கொள்வார். அதே கிச்சடியை நந்தினி ஸ்பூனில் எடுத்தால் சமர்த்தாகத் திறப்பார். பாங்கு கேட்டதும் அம்மாவின் தலையில் துப்பட்டாவை இழுத்துவிடுவதுகூட நந்தினிதான். தூபா எழுந்து வருவதற்குள் அந்த வேலையும் முடிந்திருக்கும்.

"ஒத்தாசைக்கு வந்த பொண்ணு மேல இன்னா பொறாமை உனக்கு?" என்று கேட்டார் அவள் கணவர் ஆபித் பாஷா.

"பொறாமையா? எனக்கா?" என்று தூபா சண்டைக்குப் போனாள். பொறாமைதான், வேறென்ன. ராத்திரி படுத்தால் தூக்கம் வராத அளவுக்குப் பொறாமை.

அந்த நேரம் பார்த்துத்தான் நிறுவனத்திலிருந்து ஹேமந்த் போன் செய்தான். "மேடம், நல்லா பாத்துக்கிறவங்களுக்கு அடுத்த மாசம் விழா வெச்சிருக்கோம். நந்தினிக்கு சால்வை போத்துறோம். உங்கம்மாகிட்ட போன்ல கேட்டோம், பெத்த மகளுக்கு மேலன்னு சொன்னாங்க. நீங்கதான் வந்து போத்தணும்."

பெத்த மகளுக்கு மேல! தூபாவின் காது சுட்டது.

"வர்றேன்," என்றாள். "ஆனா ஆள மாத்துங்க. எங்கம்மா தொழுகைக்கெல்லாம் சரிப்படாது. எங்க ஜனத்துல ஒருத்தியா அனுப்புங்க."

காரணம் சொன்னதும் அவளுக்கே அது நியாயமாகத் தெரிந்தது. நந்தினியைக் குடியாத்தத்தில் ஒரு வீட்டுக்கு மாற்றினார்கள். போகும்போது அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மாவும் அழுதார். தூபா சமையலறையில் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்கினாள்.

அடுத்த நாள் உமைமா வந்தாள். ஆம்பூர்ப் பெண். அமைதியானவள், வேலை தெரிந்தவள், குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஊரில் ஒரு பெண் வீட்டுக்குள் வந்தால் யார் வீட்டுப் பெண் என்று விசாரிக்காமல் விடமாட்டார்கள். அம்மாவும் விசாரித்தார். டீ ஆறுவதற்குள் உறவு கிடைத்துவிட்டது. உமைமாவின் பெரியம்மா, அம்மாவோடு சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போனவர். தூபாவுக்குப் பரம சந்தோஷம்.

அன்றிலிருந்து அம்மா தண்ணீரைக் குறைத்தார். பிறகு டீயும் வேண்டாமென்றார். உதடு வெடித்தது. காய்ச்சல் வந்தபோது டாக்டர் தூபாவைத்தான் திட்டினார். "தண்ணியே குடிக்கலன்னா மூத்திரத்துல கிருமி வராம என்ன பண்ணும்? இப்படியே விட்டா கிட்னி கெட்டுடும்."

உமைமா சாப்பிடப் போன நேரத்தில் தூபா டம்ளரோடு உட்கார்ந்தாள். "ஏன் அம்மீ இப்படிப் பண்றீங்க?"

"குடிச்சா போவணும். போனா அவ துடைக்கணும்." ஹலீமா பீ சுவரைப் பார்த்துப் பேசினார். "நல்ல பொண்ணுதான், ஒண்ணும் சொல்லமாட்டா. ஆனா நாளைக்கு ஒரு கல்யாண வூட்டுல என் பேச்சு வந்தா அவ பெரியம்மா என்னை எப்படி நினைப்பா? நந்தினி ஊருல என்னை யாருக்குத் தெரியும்?"

"அப்ப நான் செய்றேன். நான் உங்க மகதானே?"

"அதான் வேணாங்கிறேன். உன்னைக் குளிப்பாட்டின கை இது. உன் முன்னாடி அப்படிக் கிடக்க எனக்கு முடியல தூபா. நந்தினிகிட்டயும் முதல்ல அழுதேன். அழாம இருக்கத்தான் அவ எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பா."

தூபா உடனே ஹேமந்தைக் கூப்பிட்டாள். குடியாத்தத்து வீட்டில் நந்தினியை விடமாட்டேன் என்கிறார்கள், விழாவில் நேராகப் பேசிப் பாருங்கள் என்றான்.

விழா மண்டபத்தில் நந்தினி பட்டுப் புடவையில் இருந்தாள். மேடைக்குக் கூப்பிட்டார்கள். தூபா சால்வையைப் போர்த்திவிட்டு, கைதட்டலுக்கு நடுவே அவள் காதருகே சொன்னாள். "வந்துடு நந்தினி. அம்மீ தண்ணி குடிக்க மாட்டேங்கிறாங்க. தப்பு என்னுதுதான்."

நந்தினியின் கண் கலங்கியது. "அந்த வூட்டு அம்மாவும் இப்பதான்க்கா என்கிட்ட தண்ணி வாங்கிக் குடிக்கிறாங்க. எப்படி வுட்டுட்டு வர்றது? அரக்கோணத்துப் பொண்ணு ஒண்ணு இருக்குது, ஆம்பூர்ல யாரையும் தெரியாது, தங்கமான பொண்ணு. ஹேமந்த் சார்கிட்ட நானே சொல்றேன். அம்மாவுக்கு அவளப் புடிக்கும்."

கீழே இறங்கியதும் குடியாத்தத்துக்காரி ஒருத்தி ஓடிவந்து நந்தினியின் தோளில் கை போட்டுக்கொண்டாள். தூபாவின் வயதுதான் இருக்கும்.

"எங்கம்மாவுக்கு இப்ப எல்லாமே நந்தினிதான். கதவ சாத்திக்கினு ரெண்டு பேரும் அப்படிச் சிரிக்கிறாங்க. எனக்கே பொறாமையா இருக்குதுன்னா பாத்துக்குங்க," என்று அவள் சிரித்தாள்.

"குடுத்து வெச்சவங்க நீங்க," என்றாள் தூபா. வயிறு எரிந்தது.