சனிக்கிழமைச் சுவர்

மழை கொட்டும் நாளில் காய்ந்து கிடக்கும் சுவர், வெயில் கொளுத்தினாலும் சனிக்கிழமை ஆனால் நனைந்தது. இது என்ன கூத்து என்று டூட்டி மேடத்துக்கு விளங்கவே இல்லை.

பஸ் டிப்போவில் எந்த டிரைவர் எந்த நாளில் எந்த வண்டியை எடுப்பார் என்று பட்டியல் போடுவது அவள் வேலை. டூட்டி மேடம் என்ற பெயரை வைத்தவர்கள் டிரைவர்கள்தான். இந்த வீட்டை வாங்கிக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. மகளின் கட்டிலை ஒட்டிய உள்சுவரில் சனிக்கிழமை காலை உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரியும். மதியத்துக்குள் தலையணை அளவுக்குப் பரவிவிடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல் வெளுத்து நிற்கும். மகளுக்கு வீசிங். இரண்டு மாதத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியாயிற்று. இப்போது அவள் படுப்பது ஹாலில்.

பிளம்பர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். மேல்வீட்டுக் குளியலறையின் கழிவுக் குழாய் அந்தச் சுவருக்குள்தான் போகிறது என்றார். மேலே ஒரு மணி நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கீழே வந்து காத்திருந்தார். சுவரில் பொட்டு ஈரம் இல்லை. "குழாய் நல்லாத்தான் இருக்கும்மா. இது வேற ஏதோ," என்று கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டை விற்ற பழைய ஓனருக்குப் போன் போட்டாள். "நான் இருந்தவரைக்கும் ஒரு சொட்டு ஈரம் பார்த்ததில்லைம்மா. இருக்கிறபடியே வாங்கிக்கிறேன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? எதுன்னாலும் புரோக்கரைக் கேளுங்க." புரோக்கரைக் கேட்டால், ஓனரைக் கேளுங்கள் என்றார். பந்து இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தது. நடுவில் நின்று மூச்சுக்குத் திணறியது குழந்தைதான்.

டூட்டி மேடத்தின் நாத்தனார் வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். வக்கீலிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். "இருக்கிறபடியேன்னு எழுதினா, பார்த்தா தெரியுற குறைக்குத்தான் அண்ணி அது பொருந்தும். தெரிஞ்சே மறைச்ச குறைக்கு மறைச்சவன்தான் பொறுப்பு. ஓனருக்குத் தெரிஞ்சிருந்தா ஓனர், புரோக்கருக்கும் தெரிஞ்சிருந்தா அவரும். வெறும் நடுவுல நின்னவன்னு தப்பிச்சுக்க முடியாது. ஆனா அவங்களுக்குத் தெரியும்னு நாமதான் காட்டணும்."

"எப்படிடி காட்டுறது? மனசைத் தொறந்து காட்டுவாங்களா?"

"வாங்க அண்ணி, புரோக்கரைப் போய்க் கேட்டுத்தான் பார்ப்போம்."

புரோக்கரின் அலுவலகம் ஒரு மேசை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சுவர் நிறைய சாவிக்கொத்து. இரண்டு பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே வந்ததும் அவர் ஃபேனைக் கூட்டிவைத்தார்.

"உக்காருங்க மேடம். சுவருக்கு நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்? வீட்டைக் காட்டுறதோட என் வேலை முடிஞ்சுபோச்சு."

"ஈரம் கீரம் இருக்கான்னு நான் கேட்டேனா இல்லையா? சருகு மாதிரி காய்ஞ்ச வீடுன்னு யார் சொன்னது?"

"நீங்களே மூணு தடவை வந்து பார்த்தீங்க. மறந்துட்டீங்களா? இதோ பாருங்க!" என்று இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து அவள் முன்னால் விரித்தார்.

அந்த நோட்டு அவருடைய பாதுகாப்பு. வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் பின்னால் ஓனரோடு நேரடியாகப் பேசி முடித்துவிட்டுப் புரோக்கருக்குக் கமிஷன் இல்லை என்று கை விரிப்பது வழக்கமான திருட்டுத்தனம். அதனால் யார் வந்து பார்த்தாலும் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுவார். வேண்டாம் என்று போனால் ஏன் என்பதையும் வரியின் கடைசிக் கட்டத்தில் ஒரு வார்த்தை எழுதிக்கொள்வார். ஓனர் கேட்டால் சொல்ல வேண்டுமே. வீட்டுக்கு ஒரு பக்கம்.

அவளுடைய மூன்று கையெழுத்தும் பக்கத்தின் அடியில் இருந்தன. அவள் கண் மேலே போனது. வருஷம் முழுக்கப் பட்டியல் போடுகிறவளுக்குத் தேதியைப் பார்த்தால் கிழமை தானாக வந்துவிடும். முதல் வரி சனி. இரண்டாவது சனி. மூன்றாவதும் சனி. மூன்றுக்கும் கடைசிக் கட்டத்தில் ஒரே வார்த்தை: சுவர். அதற்குப் பிறகு பதினொரு வரிகள். செவ்வாய், வியாழன், செவ்வாய், புதன்... ஒன்றுகூடச் சனியோ ஞாயிறோ இல்லை.

அவளுக்கு உச்சந்தலைக்கு ரத்தம் ஏறியது. சனிக்கிழமை லீவு, அன்றைக்கு வருகிறேன் என்று அவள் இவரிடம் மூன்று முறை கெஞ்சியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சாக்கு. மூன்று நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் இந்த வீட்டைப் பார்த்தாள்.

"வீடு வாங்குற எல்லாரும் லீவு நாள்லதான் பார்க்க வருவாங்க. இந்த மூணு பேருக்கு அப்புறம் ஏன் ஒருத்தரும் சனி ஞாயிறுல வரல?" மேல் வரிகளை விரலால் தட்டினாள். "சொல்லுய்யா! என் பொண்ணு மூச்சு விட முடியாம கிடக்குறா. மூணு பேர் சுவரைப் பார்த்துட்டு ஓடியிருக்காங்க. உன் கையாலயே எழுதி வச்சிருக்க!"

நாத்தனார் சத்தமில்லாமல் போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தாள்.

புரோக்கரின் கை நோட்டை மூடப் போனது. டூட்டி மேடம் அதன்மேல் முழங்கையை ஊன்றினாள். "மேடம், என்மேல பாயாதீங்க. நானா பண்ணேன்? ஓனர்தான் சொன்னாரு. மேல்வீட்டுல சனிக்கிழமைதான் வாஷிங் மெஷின் போடுவாங்க, அன்னைக்கும் மறுநாளும் ஆளைக் கூட்டிட்டு வராதீங்கன்னு. நான் அவர் சொன்னதைச் செஞ்சேன், அவ்வளவுதான்!"

"அவ்வளவேதான் எங்களுக்கும் வேணும்," என்றாள் நாத்தனார். "ஓனருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ரெண்டு பேரையும் ஒரே வாயால மாட்டிவிட்டுட்டீங்களே அண்ணே!"

மறுநாள் வியாழன். மேல்வீட்டு அம்மாவிடம் கேட்டு மெஷினை ஓட்டச் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் சுவர் வேர்த்தது. பிளம்பர் பூச்சை உடைத்துக் குழாயை வெளியே எடுத்தார். அப்போதுதான் சூட்சுமம் தெரிந்தது. அந்த இடத்தில் குழாய் படுக்கையாக ஓடுகிறது; விரிசல் அதன் மேல்பக்கத்தில். குளிக்கிற தண்ணீரும் திறந்துவிட்ட தண்ணீரும் குழாயின் அடியோடு வழிந்து போய்விடும், விரிசலைத் தொடாது. மெஷின் மோட்டார் போட்டு மொத்தத் தண்ணீரையும் அதே குழாயில் ஒரே மூச்சில் தள்ளும்போதுதான் குழாய் முழுக்க நிரம்பி மேலே கசியும்.

வக்கீல் நோட்டீஸ் இரண்டு முகவரிக்கும் ஒரே நாளில் போனது. நோட்டின் அந்தப் பக்கத்துப் படத்தை இரண்டிலும் இணைத்திருந்தார்கள். பத்தாம் நாள் ஓனரும் புரோக்கரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்து, செலவையும் ஆஸ்பத்திரி பில்லையும் தாங்களே ஏற்பதாகக் கையெழுத்திட்டார்கள். டூட்டி மேடம் அவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

விரிசல் விட்ட நாலடிக் குழாயை வெட்டி எடுத்துப் புதுக் குழாய் போட்டு, மெஷின் தண்ணீருக்குத் தனிக் குழாய் வெளிச்சுவர் வழியாக இறக்கினார்கள். சனிக்கிழமை மேலே மெஷின் இரண்டு முறை ஓடியது. சுவர் காய்ந்தே இருந்தது.