விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடி

பூமிக்கடியில் ரயில் வரப்போகிறது என்றதும் அந்தத் தெருவில் சந்தோஷத்தில் அதிகம் குதித்தவன் தையற்காரியின் கணவன்தான். வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறவன். சுரங்கம் தோண்டும் இயந்திரம் பக்கத்துத் தெருவுக்கு அடியில் வந்தபோது, அவர்கள் வீட்டு உள்ளறைச் சுவரில் முடி அளவுக்கு ஒரு விரிசல் விழுந்தது.

ரயில் திட்டத்தில் வேலை செய்யும் பெண் வந்து, விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டினாள். "அக்கா, சுவர் நகர்ந்தா இது உடையும். உடைஞ்சா உடனே போன் பண்ணுங்க."

அன்றிலிருந்து தையற்காரிக்கு வேலையில் கை ஓடவில்லை. நான்கு தையல் போடுவதற்குள் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தாள். அந்தச் சுவரோரம்தான் மாமியாரின் கட்டில். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாள்.

"என்னடி, சுவத்துல சினிமாவா ஓடுது?"

ஐந்தாம் நாள் மத்தியானம் கண்ணாடி 'டக்'கென்று இரண்டாகப் போனது. அவள் கணவனுக்குப் போன் போட்டாள்.

"மூச்சு விடாதே," என்றான் அவன். "சொன்னா காலி பண்ணச் சொல்வாங்க. ஸ்கூல் யூனிபார்ம் ஆர்டர் என்னாகும்? அம்மாவை எங்க தூக்கிட்டுப் போறது? சாயங்காலம் வந்து பாக்குறேன்."

போனை வைத்தாள். மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அவன் ஆபீஸ்ல உக்காந்திருக்கான். சுவர் என் தலைமாட்டுல நிக்குது. அந்தப் பொண்ணுக்குப் போன் போடு."

போட்டாள். பத்தே நிமிடத்தில் காலடியில் சுரங்க இயந்திரத்தின் அதிர்வு நின்றது. ஆட்கள் வந்து மாமியாரை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். தையல் இயந்திரத்தை எடுக்கக்கூட விடவில்லை.

ரயில்காரர்கள் ஒரு வாடகை அறை பிடித்துக் கொடுத்தார்கள். யூனிபார்ம் ஆர்டர் கைவிட்டுப் போனது. சுவரும் விழவில்லை. "உங்க ஒரு வீட்டுக்காக மொத்த வேலையும் நிக்குது," என்று தெருக்காரர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். கணவன் அவள் முகத்தைப் பார்க்காமலே வேலைக்குப் போய்வந்தான். அதுதான் அவளை அதிகம் அரித்தது. அவசரப்பட்டுவிட்டோமோ?

வீட்டை விட்டு வந்த நான்காம் நாள் துணிமணி எடுக்க வீட்டுக்குப் போனவன், முகம் வெளுத்துத் திரும்பி வந்தான்.

"என் கை உள்ள போகுது," என்றான்.

"எதுக்குள்ள?"

"விரிசலுக்குள்ள. மணிக்கட்டு வரைக்கும். மெஷின் நின்னும் மண் இறங்கிட்டே இருந்திருக்கு."

அம்மாவின் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, அவள் காலைப் பிடித்துக்கொண்டான். எழுந்திருக்க அவனுக்கு வெகு நேரமாயிற்று.