கோர்டன் பூசிய பக்கம்

மோசமாக வண்ணம் பூசுவது இவ்வளவு கஷ்டம் என்று நெவிலுக்கு அன்று காலையில்தான் தெரிந்தது. தூரிகையை இடது கையில் பிடித்துப் பார்த்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பூசினான். ஒற்றைக் காலில் நின்றுகூடப் பார்த்தான். எப்படிப் பூசினாலும், நன்றாகத் தொழில் தெரிந்த ஒருவன் குடித்துவிட்டுப் பூசியது போலத்தான் வந்தது. கோர்டனின் கை வரவில்லை. கோர்டனுக்குப் பார்க்கின்சன், கை ஓயாமல் நடுங்கும் வியாதி. மார்ச் மாதம் செத்துப்போனார்.

சின்னக் கப்பல், விமானம் செய்து சேர்க்கிறவர்கள் கூடும் கிரிம்ஸ்பி மாடல் கிளப்பில் நெவிலைத் தெரியாதவர்கள் கிடையாது. பிளாஸ்டிக் கப்பல் என்றால் நெவில். ஏப்ரலில் கோர்டனின் மனைவி ஐரீன் ஒரு அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்தபடி கிளப்புக்கு வந்தார். உள்ளே பாதியில் நின்ற ஒரு போர்க்கப்பல். அதன் அசல் கப்பலில்தான் கோர்டன் இளவயதில் சமையல்காரராக இருந்தாராம். “சண்டையெல்லாம் ஒண்ணும் போடல. உருளைக்கிழங்கு உரிச்சாரு. மிச்சத்தை முடிச்சுக் குடுங்க நெவில், அலமாரியில வெச்சுக்கறேன்” என்றார்.

நெவில் வீட்டில் பெட்டியைத் திறந்தான். கப்பலின் இடப்பக்கம் மட்டும் சாம்பல் நிறம் பூசியிருந்தது. பூசியிருந்தது என்று சொல்வதே மரியாதைக்காக. வண்ணம் வழிந்து கட்டிகட்டியாக நின்றது, நடுவே தூரிகை மயிர் ஒட்டியிருந்தது, ஜன்னல்கள் பாதி மூடிப்போயிருந்தன. இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கெட்ட பூச்சின் மேல் நல்ல பூச்சு நிற்காது. முதலில் உரி, அப்புறம் பூசு. நெவில் யோசிக்கவே இல்லை. அடுப்பு கழுவும் நுரையை அடித்து, ஒரு இரவு ஊறவிட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்தான். சாம்பல் நிறம் கழிவுநீர்க் குழாயில் சுழித்துக்கொண்டு போனது. அதைப் பார்த்து அவனுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. பிறகு உப்புத்தாளால் இழைத்து, கழுவிக் காயவைத்து, வண்ணம் தெளிக்கும் காற்றுத் துப்பாக்கியால் இரண்டு பக்கமும் பூசினான். வெண்ணெய் போல வந்தது. ஐரீன் அசந்துபோவார் என்று நினைத்துக்கொண்டான்.

நேற்று மாலை ஐரீன் தொலைபேசியில் கூப்பிட்டார். நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். “கோர்டன் பூசின பக்கம் ரூமைப் பாத்து இருக்கணும். நீங்க பூசினது சுவத்துப் பக்கம். கோவிச்சுக்காதீங்க” என்று சிரித்தார்.

இப்போது நெவில் சமையலறையில் மண்டியிட்டிருந்தான். சலவை இயந்திரத்தின் தலைமேல் கப்பல். இயந்திரம் துணிகளை முறுக்கிப் பிழிந்து குலுங்கிக்கொண்டிருந்தது. முழங்கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு, பெட்டியோடு வந்த கோர்டனின் சொந்த டப்பாவிலிருந்தே எண்ணெய் வண்ணத்தைத் தொட்டுப் பூசினான். கை தானாக நடுங்கியது. கச்சிதமாக வந்தது. அந்தக் கச்சிதத்தைப் பார்த்ததும், ஒரு மனுஷனின் வியாதியைச் சலவை இயந்திரம் வைத்து நடித்துக்கொண்டிருக்கிறோமே என்று தோன்றியது. ஆனாலும் அடுத்த தடவை இயந்திரம் வேகமெடுத்தபோது தூரிகையை மறுபடி வைத்தான்.

மனைவி சாண்ட்ரா வாசலில் நின்று பார்த்தாள். “என்ன, கப்பலுக்கு அம்மை போட்டிருக்கா?”

“தலைமுடி காயவைக்கிற மெஷினைக் கொஞ்சம் கொண்டா.”

“நெவ், அந்தம்மாகிட்ட சொல்லிடு.”

“என்னன்னு சொல்ல? உங்க புருஷன் பூசினதை அடுப்பு கழுவற நுரை போட்டுக் கழுவிட்டேன்னா?”

“அதேதான். இதைவிட நல்ல வார்த்தை எனக்கும் தெரியல.”

அவள் மெஷினைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

ஐரீன் மூன்று மணிக்கு வந்தார். நல்ல கோட்டு, தேவாலயத்துக்குப் போடும் தொப்பி. தேநீரைத் தொடவில்லை. கப்பலின் இடப்பக்கம் குனிந்து, மூக்கு இடிக்குமளவு பார்த்தார்.

“இதோ பாருங்க, இந்தக் கட்டி. அன்னைக்குத் தபால்காரன் பெல் அடிச்சான். இவரு துள்ளிட்டாரு. விட்டாரு பாருங்க ஒரு வசவு! தன்னைத்தான் திட்டறாருன்னு அவன் பார்சலை ரோஜாச்செடியில போட்டுட்டு ஒரே ஓட்டம்.” சிரித்தார். கண்ணைத் துடைத்தார். “இந்த வழிசல்கூட ஞாபகம் இருக்கு. நான் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். ‘ஐரீன், கடல் ரொம்பக் கொந்தளிப்பா இருக்கு, கப்பலைப் பிடி’ன்னாரு.”

நெவில் சுவரைப் பார்த்தான். இந்தக் கட்டி பிறந்தது இன்று காலை பத்து மணிக்கு. அடுத்ததையும் சொல்லிவிடுவாரோ, அதற்கும் ஒரு நாள், ஒரு சிரிப்பு இருக்குமோ என்று பயமாக இருந்தது. இப்போது சொல், இப்போதே சொல் என்று உள்ளே எதுவோ முட்டியது. வாயைத் திறந்தபோது ஐரீனின் விரல் கப்பலின்மேல் நகர்ந்துகொண்டிருந்தது.

“தொடாதீங்க!” என்றான்.

தாமதம். எண்ணெய் வண்ணம் மேலே தோல் கட்டினாலும் உள்ளே பச்சையாகவே இருக்கும். கட்டி நசுங்கியது. ஐரீன் விரலை எடுத்துப் பார்த்தார். நுனியில் ஈரச் சாம்பல்.

சாண்ட்ரா கேக் வெட்டுவதை நிறுத்தினாள். ஐரீன் விரலைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த கோர்டனின் வண்ண டப்பாவைப் பார்த்தார், கடைசியில் நெவிலைப் பார்த்தார். பிறகு கப்பலைத் திருப்பினார்.

“வலப்பக்கம் ரொம்ப அழகா இருக்கு நெவில். கண்ணாடி மாதிரி.”

“ஐரீன், நான் வந்து... அந்தப் பக்கத்தை...”

“பஸ்ஸு வந்துடும்.”

“கார்ல விட்டுடறேனே.”

“வேண்டாம்.”

விரலைத் துடைக்க, வண்ணம் போக்கும் கரைப்பானில் நனைத்த துணியை நீட்டினான். அவர் வாங்கவில்லை. நெவில் பெட்டியை மூடிக் கட்டிக் கொடுத்தான். அதை ஒற்றைக் கையால் இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அந்த விரல் மட்டும் எதிலும் படாதபடி தூக்கிப் பிடித்தபடி வெளியேறினார். சாண்ட்ரா பாதி வெட்டிய கேக்கை எடுத்து உள்ளே வைத்தாள்.

நெவில் ஜன்னலோரம் நின்றான். எதிரே பேருந்து நிறுத்தத்தில் கடல்காற்று ஐரீனின் தொப்பியைப் பிடுங்கப் பார்த்தது. அவர் பிடித்துக்கொள்ளவில்லை. கோர்டனின் டப்பா வண்ணம் ஒட்டிய அந்த விரலை மெதுவாக மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார். பேருந்து வந்து நின்றது, கதவு திறந்தது. ஓட்டுநர் எட்டிப்பார்த்து ஏதோ கேட்டான். அவர் விரலை இன்னும் எடுக்கவில்லை.