மூன்றாவது அடுப்பின் நீண்ட ஆயுள்

1

இந்தக் கதை ஒரு தப்பான வரைபடத்தில் பிறந்தது. ஒரு மோட்டார்ப் பட்டறையில் சோதனை பார்க்கும் பெண், வார்னிஷ் பூசிய கம்பிகளை ஜோடி ஜோடியாக முறுக்கி மூன்று மின்னடுப்புகளில் வைத்தார். அவ்வப்போது எடுத்து மின்சாரம் கொடுப்பார். பூச்சைத் துளைத்து மின்சாரம் தாவினால் அந்த ஜோடி செத்தது என்று கணக்கு. சூடு கூடக்கூட ஆயுள் குறைய வேண்டும். ஆனால் மிகச் சூடான மூன்றாவது அடுப்பில்தான் கம்பிகள் அதிகம் பிழைத்தன. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. எழுதத் தொடங்கியபோது எனக்கும் தெரியாது.

2

(எதற்கு இந்த வதை? மோட்டார் பல்லாண்டு ஓட வேண்டும். அதுவரை காத்திருக்க யாரால் முடியும்? அதிகச் சூட்டில் சீக்கிரம் சாகவிட்டு, மூன்று புள்ளிகளைக் கோடாக்கி, கோட்டை வழக்கமான சூடுவரை நீட்டினால் ஆயுள் தெரிந்துவிடும். இதைச் சொல்லவே கை துறுதுறுத்தது.)

வார்னிஷ் காய்ச்சியவன் சோதனை பார்க்கும் அந்தப் பெண்ணின் கொழுந்தன். பட்டறையில் எல்லோருக்கும் ‘பாகு’. முந்தைய கலவைகள் எல்லாம் ஊற்றிக்கொண்டன. இதுவும் தேறாவிட்டால் பட்டறை வெளியில் வார்னிஷ் வாங்கும். பாகுவின் கொப்பரை மூலைக்குப் போகும்.

“அண்ணி, என் வார்னிஷுக்குச் சூடுன்னா டானிக் மாதிரி. தேறிடுச்சுன்னு போட்டுடுங்க.”

“போடறேன். நாளைக்கு மோட்டார் புகைஞ்சா உன்னையே உள்ள வெச்சுச் சுத்திடுவேன்.”

3

யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பாகு கம்பிகளை மாற்றி வை—

வேண்டாம். இவ்வளவு ஆசையாகக் காய்ச்சுகிறவன் அதைச் செய்ய மாட்டான். வெப்பமானி பழுது என்று எழுதிப் பார்த்தேன். அண்ணி அதை ஏற்கெனவே சரிபார்த்திருந்தார்.

‘ஆசையாக’ என்று எழுதினேனே, அங்கே பிடி கிடைத்தது. ஆசைப்பட்டவன் சும்மா இருப்பானா? மறுநாள் அண்ணியை அடுப்புப் பக்கமே உட்காரவைத்தேன். பாகு வந்தான், மூன்றாவது அடுப்பைத் திறந்து எட்டிப் பார்த்தான். டீ கொண்டுவந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினான்.

“என்னடா பண்றே?”

“இதுங்கதான் ரொம்பக் கஷ்டப்படுது அண்ணி. அதான் அப்பப்போ வந்து பார்த்துட்டுப் போறேன்.”

அண்ணிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. கதவு திறக்கும்போதெல்லாம் கம்பிகள் ஆறின. வெப்பமானி சூடேற்றும் சுருளின் பக்கத்தில் இருந்ததால் உடனே பழைய சூட்டைக் காட்டியது; கம்பிகளோ மெல்லத்தான் சூடேறின. அந்தக் குளிர்ந்த நேரமெல்லாம் ஆயுள் கணக்கில் ஏறியிருந்தது.

4

அண்ணி பாகுவைத் திட்டுவதாக ஒரு முடிவு எழுதினேன், அடித்துவிட்டேன். பாகுவை அடுப்புப் பக்கம் விடாமல், புதிய கம்பிகளோடு சோதனை மறுபடி நடந்தது. மூன்றாவது அடுப்பு முதலில் காலி. புள்ளிகள் ஒழுங்காக ஒரே கோட்டில் இறங்கின. நீட்டிப் பார்த்தால் தேவைக்கு மேலேயே ஆயுள். கொப்பரை பிழைத்தது. பாகு போட்ட ஆட்டத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குச் செய்முறைதான் முக்கியம்: வெப்பமானியின் முனையைக் கம்பிகளுக்கு நடுவில் வையுங்கள், கம்பிகள் உரிய சூட்டில் இருந்த நேரத்தை மட்டும் எண்ணுங்கள்.