மச்சான் துடைத்த ஃபில்டர்

அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு மொட்டை மாடியில் இருந்தவர்கள்: பேக்கரியில் இரவெல்லாம் அடுப்பு பார்த்துப் பார்த்து வீட்டில் 'ஆந்தை' என்று பெயரெடுத்தவன், அவன் மனைவி, வலது கண்ணில் புரை நீக்கி ஆறு வாரம்கூட ஆகாத மாமியார், செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பதால் உலகத்தையே திருகாணி கழற்றிப் பார்த்துவிட்டதாக நினைக்கும் மச்சான், கீழ்வீட்டுத் தையல்காரம்மா. இவர்களுக்கு நடுவே, மூன்று காலில் நடுங்கிக்கொண்டு, முழங்கை நீளத்தில் ஒரு தொலைநோக்கி.

நான்கு வருடமாக அதை வீட்டில் யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. தூங்க நேரமில்லாதவனுக்கு நிலா ஒன்றுதான் குறைச்சல் என்பது மாமியாரின் கட்சி. இன்று சூரிய கிரகணம். நாலே முக்காலுக்குப் பாதிச் சூரியன் மறையும் என்று யாரோ சொல்லப்போக, கூப்பிடாமலேயே எல்லோரும் படியேறி வந்துவிட்டார்கள். ஆந்தை பகல் தூக்கத்தை விட்டுவிட்டு நின்றான். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். இந்தக் குழாய் வழியாக இவர்கள் ஒருமுறையாவது எதையாவது பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, ஏறிவந்த கண்களோடு முழுசாக இறங்கிப் போக வேண்டும்.

முதல் வேலையாக, குறி பார்ப்பதற்காக மேலே பொருத்தியிருந்த குட்டிக் குழாயைக் கழற்றிப் பையில் போட்டான். வெயில் அதற்குள்ளும் புகும், அதிலும் கண் போகும். பிறகு பிஸ்கட் டப்பாவைத் திறந்து, வெயிலைத் தடுக்க முன்வில்லைக்கு மேல் மாட்டும் ஃபில்டரை எடுத்தான். வெள்ளித் தாள் ஒட்டிய அட்டை வளையம். குப்பென்று ஸ்பிரிட் வாடை அடித்தது.

படிக்கட்டு முகப்பில் எரிந்த பல்புக்கு நேரே ஆந்தை தாளைப் பிடித்தான். இருட்டாக இருக்க வேண்டிய தாளில் ஊசி முனை ஊசி முனையாக வெளிச்சம். நடுவே விரல் அகலத்துக்கு வெள்ளிப்பூச்சே வழித்தெடுத்தது போலப் போயிருந்தது.

"இதை யார் தொட்டது?"

"நான்தான் மாப்பிள்ளை," என்றார் மச்சான். "நேத்து வந்தப்ப எடுத்துப் பாத்தேன். ஒரே தூசி. கடையில ஸ்கிரீன் துடைக்கிற மருந்து இருக்குல்ல, அதை அடிச்சு நல்லா அழுத்தித் துடைச்சு வெச்சேன். பளபளன்னு இருக்கு பாருங்க."

"இதைத் துடைக்கவே கூடாது மச்சான். தூசி இருந்தா ஊதி விடணும், அவ்வளவுதான். நாலு வருஷமா இதுல என் விரல் பட்டதில்ல."

"அதான் அவ்வளவு தூசி."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, சங்கடமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆந்தை ஃபில்டரை நாலாகக் கிழித்தான்.

"ஐயோ, என்ன மாப்பிள்ளை! ஒரு ஸ்டிக்கர் ஒட்டினா போச்சு!"

"கண்ணு போயிட்டா எந்த ஸ்டிக்கர் ஒட்டுவீங்க?"

"அப்ப நான் பாக்க முடியாதா?" என்றார் மாமியார். "மூணு மாடி ஏறி வந்திருக்கேன் மாப்பிள்ளை. இந்த முட்டியோட."

"பாக்கலாம் அத்தை. குழாய்க்குள்ள இல்ல, வெளியில. ஒரு வெள்ளைத் துணி இருந்தா போதும்."

தையல்காரம்மா இறங்கிப்போய், எம்பிராய்டரி வளையத்தில் வெள்ளை லைனிங் துணியை விறைப்பாக மாட்டிக்கொண்டு வந்தாள். ஆந்தை சூரியன் பக்கம் திரும்பவே இல்லை. தரையில் விழுந்த குழாயின் நிழலைப் பார்த்தபடி, அது சுருங்கிச் சுருங்கி ஒரு வட்டமாகும்வரை திருப்பினான். கண்வில்லைக்குப் பின்னால் தையல்காரம்மா பிடித்த துணியில் பளீரென்று ஒரு வெளிச்ச வட்டம் விழுந்தது. அதன் ஓரத்தில், எலி கடித்த ரொட்டி போல, ஒரு துண்டு இல்லை.

"அட!" என்றாள் தையல்காரம்மா. "தம்பி, நெசமாவே கடிச்சிருக்கு!"

ஆந்தைக்கு நெஞ்சு நிறைந்தது, அரை நிமிஷத்துக்கு. அதற்கு மேல் விட்டால் கண்வைக்கும் பிளாஸ்டிக் பகுதி உருகும். முன்வில்லைக்கு மூடி போட்டு ஆறவிட்டான். வட்டமும் அதற்குள் நகர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் நிழலைப் பார்த்துத் திருப்ப வேண்டும். இப்படிப் பலமுறை காட்டி ஆறவிட்டு, மூடியோடு மறுபடி நேர் வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"இதென்ன சினிமாவா, துணியில காட்ட?" மச்சான் மூடியைக் கழற்றினார். "நேர்ல பாத்தாதானே பாத்த மாதிரி."

"மச்சான், மூடிய போடுங்க."

"இருங்க மாப்பிள்ளை, எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கிறேன்." குனிந்து, மார்பைக் கொண்டுபோய்க் கண்வில்லைக்கு நேரே வைத்தார். சட்டைப் பையிலிருந்து நூலாகப் புகை கிளம்பியது.

"அண்ணே, சட்டை!" என்று மனைவி கத்தினாள்.

மச்சான் தட்டித் தட்டி அணைத்தார். பையில் மிளகு அளவில் ஓட்டை. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். யாராக இருந்தாலும் அத்தோடு புத்தி வந்திருக்கும்.

"சிந்தெடிக் துணி," என்றார். "அதான். கண்ணு ஈரமா இருக்குமே, அது தாங்கும். ஒரு செகண்டுல என்ன ஆகப் போகுது? அம்மா, நீ வா. ஆபரேஷன் பண்ண கண்ணுல பாரு, அதுதான் புதுசு."

"என்னங்க, அம்மா!" என்று மனைவி அலறினாள்.

மகன் சொன்னால் மாமியாருக்கு மறுபேச்சில்லை. முட்டியில் கையூன்றிக் குனிந்தேவிட்டார். ஆந்தை வளையத்தையும் தையல்காரம்மாவையும் தாண்டிப் பாய்ந்து, கண்வில்லையைக் கையால் பொத்தினான். உள்ளங்கையில் கம்பியால் சூடு வைத்தது போலிருந்தது. பத்து வருடம் அடுப்பில் வெந்த கை, ஆனாலும் சுளீரென்றது. இன்னொரு கையால் மூடியைத் தேடிப் போட்டான்.

மாமியார் அவன் உள்ளங்கையைப் பார்த்தார். நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. வலது கண்ணைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

"நீங்க ஆடினதுல அம்மா பயந்துட்டாங்க," என்றார் மச்சான். "சரி, நான் பாத்து எப்படின்னு சொல்றேன்."

மணி நாலு முப்பத்தெட்டு. இன்னும் ஏழு நிமிஷம். இந்த ஆளைக் காவல் காப்பதா, சூரியனைப் பிடிப்பதா? இரண்டுக்கும் சேர்த்து அவனிடம் இருந்தது இரண்டு கைகள், அதிலும் ஒன்று வெந்தது.

"மச்சான்," என்றான், குரலில் தேனைத் தடவிக்கொண்டு. "துணி பத்தல. பெரிய வெள்ளை அட்டை இருந்தா வட்டம் தாம்பாளம் மாதிரி தெரியும். கட்டிலுக்கு அடியில இருக்கு. எது சரியான சைஸ்னு உங்களுக்குத்தான் தெரியும்."

"அப்படிக் கேளுங்க! இதைத்தானே முதல்லயே சொன்னேன்?" அவர் அப்படி எதையும் சொன்னதில்லை. "நான் வர்றவரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது, ஆமா." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஓட்டைச் சட்டையோடு படியிறங்கினார்.

முதல் வளைவில் செருப்புச் சத்தம் தேய்வதற்குள் ஆந்தை மாடிக் கதவருகே போய்விட்டான். அவனுக்கு முன்பாகவே மனைவி அங்கே நின்றிருந்தாள். கொக்கியில் தொங்கிய பூட்டை எடுத்து அவன் வேகாத கையில் வைத்தாள்.

"கதவை நானே சாத்துறேன்," என்றாள். "எங்க அண்ணன்தானே."

அவள் சாத்தினாள். அவன் பூட்டினான்.